பில்லிங் சர்வர்: ரெய்டு 5 போதுமா, எஸ்எஸ்டி வேண்டுமா?

செக்காலை_கணக்கு:
காரைக்குடியில் ஜவுளி மொத்தக் கடை. தேவகோட்டை, புதுக்கோட்டைக் கிளை பில்லும் இங்கே ஒரே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில்தான் விழுகிறது. மாசி பங்குனித் திருவிழா நேரத்தில் பில்லைச் சேமிக்கக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புது சர்வருக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டாவை மீட்கும் முறை) என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பள்ளத்தூரான்:
தாராளமாக. 12 டெராபைட் கையில் நிற்கும். எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக எழுதும் ரெய்டு 10 என்றால் 8 தான். ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது. மிச்சக் காசுக்கு ராம் போடுங்கள்.

கானாடுகாத்தான்_டிபிஏ:
ராம் சரி. ஆனால் துணிக்கடை பில்லுக்கு 12 டெராபைட் எதற்கு அண்ணே? இடிப்பது இடமில்லை, எழுதும் வேகம். ரெய்டு 5-இல் ஒரு சின்ன ரைட்டுக்குப் பழைய டேட்டா, பழைய பாரிட்டி (போன டிஸ்கை மீட்க வைத்திருக்கும் கணக்கு) இரண்டையும் படித்து, புதுசு இரண்டையும் எழுதணும். நான்கு வேலை. ரெய்டு 10-இல் இரண்டே. 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 100 வேலை செய்தாலே பெரிசு. நான்கு டிஸ்க் சேர்ந்து 400. நாலால் வகுங்கள், நொடிக்கு 100 ரைட்.

பள்ளத்தூரான்:
பேட்டரி வைத்த கேஷ் கன்ட்ரோலரை (எழுத வேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைக்கும் கார்டு) மறந்துவிட்டீர்களே. கேஷில் விழுந்ததுமே கமிட் (பதிவாகிவிட்டது என்று டேட்டாபேஸ் உறுதி செய்வது) முடிந்தது. எங்கள் ஆபீஸில் அப்படித்தான் ஓடுகிறது.

கானாடுகாத்தான்_டிபிஏ:
கேஷ் நிரம்பும் வரைதான் அந்த சுகம். அப்புறம் ஒரு டிஸ்க் போனால் மிச்சம் மூன்றையும் முழுசாகப் படித்து ரீபில்டு ஆகணும். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம், அதுவும் வேறு வேலை இல்லாவிட்டால். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. சர்வருக்கென்றே செய்த எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா), போதும்.

பள்ளத்தூரான்:
எண்டர்பிரைஸா! லேப்டாப் எஸ்எஸ்டி விலை குறைவு, வேகமும் இருக்கிறது.

கானாடுகாத்தான்_டிபிஏ:
கரண்ட் போகும் ஊரில் இப்படிப் பேசலாமா? எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டிக்குள் கெப்பாசிட்டர் இருக்கும். திடீரென்று கரண்ட் போனாலும் கேஷில் இருப்பதை எழுதி முடித்துவிடும். லேப்டாப் எஸ்எஸ்டியில் பெரும்பாலும் அது கிடையாது. அதனால் ஒவ்வொரு எஃப்சிங்க்கிலும் (டிஸ்கில் நிஜமாக எழுதி முடி என்ற கட்டளை) திணறும், இல்லாவிட்டால் எழுதாமலே எழுதியதாகச் சொல்லும். யூபிஎஸ் இருக்கிறது என்பீர்கள். சர்வரின் பவர் சப்ளையே படுத்தால்?

புதுவயல்_வாசி:
இரண்டு பேரும் சர்வரை விடுங்கள். ஒரு பில்லுக்கு எத்தனை கமிட் போகிறது? லாகைப் பார்த்தீர்களா?

செக்காலை_கணக்கு:
இப்போதுதான் பார்த்தேன். 40 உருப்படி உள்ள பில்லுக்கு 40 கமிட்! ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி. மென்பொருள்காரர் ஒன்றாக மாற்றித் தருகிறேன் என்கிறார்.

பள்ளத்தூரான்:
பார்த்தீர்களா. மாற்றிவிட்டால் என் நான்கு டிஸ்கே தாங்கும்.

கானாடுகாத்தான்_டிபிஏ:
சாதாரண நாளில் தாங்கலாம், திருவிழாக் கூட்டத்தில் நான் நம்ப மாட்டேன். அந்த நான்கில் ஒன்றை மட்டும் வாங்கி தேவகோட்டைக் கிளையில் பேக்கப்புக்கு வையுங்கள். எந்த ரெய்டும் பேக்கப் ஆகாது. யாராவது தெரியாமல் டெலிட் கொடுத்தால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழியும்.