2024 தமிழ்ப் படங்கள்: ஐந்து மட்டும் திரையிடலாம்னா எதை எடுக்கலாம்? (மதுரை)

வைகைவடகரை:

வணக்கம். அண்ணா நகர்ப் பக்கம் ஒரு வாசகசாலை மாடியில் 40 பேர் உட்காரும் ஹால் இருக்கு. மாசம் ஒரு படம்னு 5 மாசத்துக்கு, 2024ல் வந்த தமிழ்ப் படங்களைப் போட்டு முடிச்சு உட்கார்ந்து பேசலாம்னு திட்டம். என் பட்டியல்: மகாராஜா, கொட்டுக்காளி, வாழை, லப்பர் பந்து, மெய்யழகன்.

பெரிய படங்களை வேணும்னேதான் விட்டேன். இந்தியன் 2, கங்குவா ரெண்டிலும் செலவு தெரியுது, ஆனா அடுத்த காட்சியில் என்ன ஆகும்னு கேட்க வைக்கிற கதை இல்லை. தங்கலான் எடுத்த பொருள் பெருசு. கோலார் தங்க வயலுக்கு யாருடைய உழைப்பு போச்சுன்னு கேட்ட படம் அது, ஆனா ரெண்டாம் பாதியில் கனவும் நிஜமும் ஒன்னை ஒன்னு மூடிருது. அமரன் அந்த வருஷத்தில் ரொம்ப ஒழுங்காகக் கட்டின பெரிய படம். மேஜர் முகுந்த் வரதராஜன் கதையை அவர் மனைவி இந்து பக்கம் நின்னு சொன்னதுதான் அதுக்கு உயிர். எல்லாரும் பார்த்தாச்சு, அதனால் விட்டேன்.

கேட்கிறது மூணு. பட்டியல் சரியா? பின்னணி இசையே இல்லாத கொட்டுக்காளிக்குக் கூட்டம் உட்காருமா? சின்ன ஹாலில் ஒலியை எந்த அளவில் வைக்கணும்?

மிக்ஸிங்மேசை:

மூணாவது கேள்வியைத்தான் முதல்ல எடுக்கணும் தோழர். 2024 படங்களைப் பத்தின பாதிக் கருத்து தியேட்டர் ஒலி அளவில் இருந்து வந்தது.

படத்தை மிக்ஸ் பண்ற ஸ்டுடியோவில் டால்பி ஃபேடர், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழ், 7ல இருக்கும். அப்போ திரைக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் பிங்க் நாய்ஸுக்கு (ஒலி அளவைச் சோதிக்கப் பயன்படுத்துற இரைச்சல்) 85 டெசிபல் தரும்படி அளந்து வெச்சிருப்பாங்க. தியேட்டரில் 7ல வைக்கிறது குறைவு. விளம்பரமும் டிரெய்லரும் காதைப் பிளக்குதுன்னு புகார் வந்ததும் 5க்கோ 4.5க்கோ இறக்கிருவாங்க, மெயின் பிக்சரும் அதே அளவில் ஓடிரும். ஃபேடர் 4க்கு மேல ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 3.3 டெசிபல். 7ல இருந்து 5க்கு வந்தா 6.6 டெசிபல் போச்சு. காதுக்கு மூணுல ஒரு பங்கு சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும்.

கங்குவா வந்த வாரத்தில் சத்தம் தாங்கலைன்னு புகார் எழுந்து, ஒலியை 2 புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கிட்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். அதுல தீராத சிக்கல் ஒன்னு இருக்கு. ஃபேடரைக் குறைச்சா கத்தல் மட்டும் குறையாது, நடு ஸ்பீக்கரில் வர்ற வசனமும் சேர்ந்து இறங்கும். இசை, சண்டைச் சத்தம், ஆள் கூச்சல் மூணும் ஒரே உயரத்தில் நிற்கும்படி மிக்ஸ் பண்ணிட்டா, எந்த அளவில் வெச்சாலும் வசனம் அதுங்களுக்கு அடியில்தான் கிடக்கும். அது மிக்ஸிங் மேசையிலேயே தீர்த்திருக்க வேண்டியது.

கொட்டுக்காளியில் நேர் எதிர்ச் சிக்கல். அதுல ஆட்டோ இன்ஜின், பைக், காத்து, கால் கட்டின சேவல் இதுங்கதான் பின்னணி இசை. நாயகி மீனா படம் நெடுக அநேகமாப் பேசுறதே இல்லை. அவளைக் கட்டிக்கப் போற பாண்டிக்கு (சூரி) தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிக்கிட்டு கரகரன்னு பேசுவான். இந்த ரெண்டு குரலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் படம். ஃபேடர் 4.5ல இதை ஓட்டினா ஏசி இரைச்சலுக்குள்ள முக்கால்வாசி காணாமப் போயிரும். படம் மெதுவா போகுதுன்னு எழுதினவங்கள்ல பல பேருக்குப் பாதிப் படம் காதில் விழுந்திருக்காது.

உங்க ஹாலுக்கு 85 வேண்டாம். சின்ன அறையில் சுவர் பக்கத்தில் இருக்கிறதால் அதே அளவு ரொம்ப உரக்கத் தெரியும். பிங்க் நாய்ஸ் கோப்பை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியா ஓட்டி, ஹாலில் மூணுல ரெண்டு பங்கு தூரத்தில் நின்னு, போன் ஆப்பில் 'சி வெயிட்டிங், ஸ்லோ' வெச்சு 78ல இருந்து 80 வரும்படி வையுங்க. அதுக்கப்புறம் படம் முழுக்க வால்யூம் குமிழைத் தொடாதீங்க. பிளேயரிலும் ஆம்ப்பிலும் நைட் மோட், ஆட்டோ வால்யூம், விர்ச்சுவல் சரவுண்ட் எல்லாத்தையும் அணைச்சிருங்க. நைட் மோட் சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும், கொட்டுக்காளி அதுல தட்டையாயிரும். ரெண்டே ஸ்பீக்கர்தான்னா பிளேயரில் ஸ்டீரியோன்னு தேர்ந்தெடுங்க. 5.1 தடத்தை அப்படியே விட்டு ஆம்ப் நடு ஸ்பீக்கரைத் தேடினா வசனமே வராது.

இன்னொன்னு, மின்விசிறி. நாலு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினா, கொட்டுக்காளியின் மெல்லிய ஒலிகளைக் கேட்க வழியே இல்லை. மதுரையில் சித்திரை, வைகாசியில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. அதனால் அந்தப் படத்தை மார்கழி, தைக்குத் தள்ளுங்க. பொங்கல் வாரத்தை விட்டுருங்க, தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க.

உசிலம்பட்டிக்காரி:

கொட்டுக்காளிக்குக் கூட்டம் உட்காருமான்னு கேட்டிருக்கீங்க. மதுரைப் பக்கத்துச் சனம் உட்காரும். இந்தப் படத்துப் பேச்சு அவங்க வீட்டுப் பேச்சு.

மதுரைப் படம்னு சொல்லிக்கிட்டு வர்றதை ஒரே சோதனையில் பிடிச்சிரலாம். 'வந்தாய்ங்க, போறாய்ங்க, அங்கிட்டு, இங்கிட்டு' எல்லாம் வரிசையா வரும். ஆனா கோபத்தில் மட்டும்தான் வரும், சாதாரணப் பேச்சு சென்னை நாடகத் தமிழா இருக்கும். வட்டார வழக்கை மிரட்டலுக்கு மட்டும் எடுத்து வெச்சுக்கிறது பழைய வழக்கம். பி.எஸ்.வினோத்ராஜ் கிட்ட அது இல்லை. தண்ணி கேட்கிறது, வழி கேட்கிறது, ஆட்டோவில் இடம் ஒதுங்கச் சொல்றது எல்லாத்துலயும் அதே நாக்கு. பொம்பளைங்க முணங்குற பேச்சை முதன்மையா வெச்சது அதை விடப் பெரிய காரியம்.

அருவாளைக் காட்டாம இந்த மண்ணோட வன்முறையைக் காட்டின படம்னும் இதைச் சொல்வேன். எங்கேயோ ஒலிபெருக்கியில் கேட்கிற பாட்டை மீனா முணுமுணுக்கிறா, அவ்வளவுதான். அதுக்குப் பாண்டி அடிக்கிற அடி அவளோட நிக்காது, கூட வந்தவங்க மேலயும் விழும். படத்துல பாட்டுன்னு வர்றது அப்படித்தான் வருது. இசையமைப்பாளர் இல்லாத படத்தில் ஒரு பாட்டுக்கு அடி விழுது, இதை விடத் துல்லியமா எப்படிச் சொல்ல முடியும்? பாதையை மறிச்சு நிக்கிற காளையை ஆம்பளைங்க ஒன்னும் பண்ண முடியாம நிக்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து ஓட்டிட்டுப் போகும். அதைப் பார்த்துட்டு ஹாலே பேசும், நீங்க பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டியதில்லை.

முடிவைப் பத்திப் படத்துக்கு முன்னாடி வாயைத் திறக்காதீங்க. பாண்டி என்ன செய்வான்கிறதை இயக்குநர் நம்ம கையில் விட்டிருக்கார். 'முடிவு புரியலை'ன்னு யாராவது சொன்னா, விளக்காம, மீனாவைக் கூட்டிட்டுப் போற சாமியாடி இடத்தில் அவன் பார்த்தது என்னன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க.

உங்க பட்டியல்ல ஒரு குறை. கருடன் இல்லை. மே 31ல கருடன், ஆகஸ்ட் 23ல கொட்டுக்காளி, டிசம்பர் 20ல விடுதலை 2 என்று சூரி ஒரே வருஷத்தில் மூணு மாதிரி நின்னிருக்கார். தேனிப் பக்கத்துக் கோயில் நிலம், விசுவாசம், துரோகம்னு கருடன் கதை பழசுதான். ஆனா நட்புக்கும் நாய்த்தனத்துக்கும் நடுவுல சூரி நிக்கிற நிலை புதுசு. கருடனையும் கொட்டுக்காளியையும் அடுத்தடுத்த மாசம் போட்டா, அதே உடம்பும் அதே வட்டாரப் பேச்சும் ஒன்னுல அடிமையாவும் இன்னொன்னுல அதிகாரமாவும் இருக்கிறது தெரியும்.

விடுதலை 2ஐ விட்டது எனக்குச் சம்மதம். அரசியலைச் சொல்லணும்கிற அவசரத்தில் வசனத்துக்கு மேல வசனம், உதட்டோடு ஒட்டாத இடங்கள் வேற. மலையும் காடும் இருந்தும் கேட்கவே முடியலை.

தெப்பக்குளம்:

மெய்யழகனைப் பட்டியல்ல இருந்து எடுங்கன்னு சொல்ல வரலை, எந்த மெய்யழகனைப் போடப் போறீங்கன்னு கேட்க வந்தேன். வெளியானப்போ 177 நிமிஷம். சில நாள்ல 18 நிமிஷத்துக்கு மேல குறைச்சுட்டாங்க. கையில் கிடைக்கிற பிரதி எதுன்னு ஓடுற நேரத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டுத்தான் அறிவிப்புப் போடணும்.

வெளியீட்டுக்கு அப்புறம் வெட்டுறது எடிட்டிங் மேசையில் நிதானமா வெட்டுறது மாதிரி ஆகாது. பின்னணி இசை தொடர்ந்து ஓடுற இடத்தில் கை வெச்சா மறுபடி ஒலிக்கலவை பண்ணணும். அதுக்கு நேரம் கிடையாது. தணிக்கை வாரியத்துக்கும் தெரிவிக்கணும். அதனால் இசை நிக்கிற இடமாப் பார்த்து முழுக் காட்சியாவோ, பேச்சின் ஒரு துண்டாவோ தூக்குவாங்க. இந்தியன் 2வும் அப்படி 12 நிமிஷம் குறைஞ்சது, படம் மாறலை. நீளம் நோய் இல்லாதப்போ நீளத்தைக் குறைச்சு என்ன பண்றது?

மெய்யழகனில் நீளம்தான் பொருள். பேர் தெரியாத ஒருத்தன் 'அத்தான், அத்தான்'னு கூடவே வர்றான். அவன் யாருன்னு கேட்க வெட்கப்பட்டு நாயகன் அருள்மொழி ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்கிறார். அந்த ராத்திரி நமக்கும் நீளணும். 1996ல விட்டுட்டுப் போன வீட்டோட பாரம், பேச்சு அலுக்கிற அளவுக்குப் போனாத்தான் இறங்கும். நீளப் பிரதி கிடைச்சா அதை இடைவேளையோட போடுங்க. கிடைக்கலைன்னா லப்பர் பந்து, வாழை, மகாராஜா, கொட்டுக்காளி, கருடன்னு முடிச்சுக்கலாம்.

ரீல்பெட்டி:

அண்ணே, பட்டியல் சண்டைக்கு முன்னாடி அனுமதியைக் கவனிங்க. வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தாவில் 40 பேருக்கு ஓட்டக் கூடாது, இலவசமா இருந்தாலும். தயாரிப்பு நிறுவனத்துக்கு ஹால், தேதி, இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் உண்டா இல்லையா எல்லாம் போட்டுக் கடிதம் எழுதி, எழுத்து வடிவில் பதில் வாங்குங்க. திரையிடும் உரிமை வேற யார்கிட்டயாவது போயிருந்தா அவங்களே சொல்லுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி தொடங்கினாத்தான் முடியும். டிசிபி (தியேட்டருக்குன்னு தயாரிக்கிற டிஜிட்டல் பிரதி) தர்றோம்னு சொன்னா ஆசைப்படாதீங்க. அதுக்குத் தியேட்டர் சர்வர் வேணும், அந்த சர்வருக்குன்னு நேரம் குறிச்ச சாவியும் வேணும். சாதாரண வீடியோ கோப்பே கேளுங்க.

படம்: 10 அடி அகலத் திரைக்கு 3000 லூமன் புரொஜெக்டர் தாராளம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இருந்தா. துணி இல்லாம லூமனைக் கூட்டுறதில் பயன் இல்லை, கறுப்பு எல்லாம் சாம்பல் ஆயிரும். வாழையில் பகல் வெயில் அதிகம், தப்பிச்சுக்கும். இருட்டு நிறைஞ்ச படத்தை மாலை 7 மணிக்கு மேல வையுங்க.

லப்பர் பந்தை முதல் மாசம் போடச் சொல்வேன். விஜயகாந்த் மதுரைக்காரர், 2023 டிசம்பர் 28ல காலமானார். அடுத்த செப்டம்பரில் ரெண்டு படம் அவரைக் கூப்பிட்டது. 5ம் தேதி வந்த விஜய்யோட கோட் படத்தில் ஏஐ வெச்சு முகத்தை உருவாக்கினாங்க. 20ம் தேதி வந்த லப்பர் பந்தில் முகம் தேவைப்படலை. ஊர் கிரிக்கெட்காரர் கெத்து மட்டையை எடுக்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்துப் 'பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிச்சது, அவ்வளவுதான், தியேட்டர் எழுந்து நின்னுச்சு. எது அஞ்சலின்னு கேட்டா என் பதில் ரெண்டாவதுதான். ஒருத்தரை ஊர் எப்படி ஞாபகம் வெச்சிருக்குங்கிறது அதுல இருக்கு. இன்னொரு ஆட்டக்காரன் அன்புவை ஊர் டீம் ஏன் சேர்த்துக்கலைங்கிற சாதி விஷயத்தையும் மேடை போட்டுப் பேசாம, டீம் எடுக்கிற இடத்திலேயே சொல்லிருவாங்க.

மகாராஜாவை மூணாவது மாசம் வையுங்க. ரெண்டு காலத்தை வருஷம் போடாம அடுத்தடுத்து வெட்டி ஓட்டினதுதான் அதன் வித்தை. ரெண்டாம் தடவை பார்க்கிறவங்க பக்கத்தில் இருக்கிறவங்களுக்குச் சொல்லிக் கெடுப்பாங்க, அதை முன்னாடியே கேட்டுக்குங்க. எனக்கு அந்தப் படத்தில் ஒரு மனக்குறை உண்டு. பெண் பிள்ளைக்கு நடந்த கொடுமையை முடிச்சு அவிழ்க்கிற கருவியா வெச்சிருக்காங்க. அது சரியான்னு கட்டாயம் பேசுங்க.

வைகைவடகரை:

எல்லாருக்கும் நன்றி. மாத்தி எழுதியாச்சு: செப்டம்பர் லப்பர் பந்து, அக்டோபர் வாழை, நவம்பர் மகாராஜா, டிசம்பர் கருடன், ஜனவரி கடைசி வாரம் கொட்டுக்காளி. மெய்யழகன் நீளப் பிரதிக்குக் கடிதம் போடுறேன், கிடைச்சா ஆறாவது மாசம். உசிலம்பட்டி அக்கா, வாழைக்கு முன்னாடி கூலி விவரம் ஏதாவது சொல்லணுமா?

உசிலம்பட்டிக்காரி:

வேண்டாம் தம்பி. வாழைத்தார் சுமக்கிறவங்க கூலியைக் கூட்டிக் கேட்ட பிறகு, அவங்களையும் தார் ஏத்தின லாரி மேலயே உட்கார வெச்சு அனுப்புறாங்க. அந்தக் கணக்கைப் படமே சொல்லிரும். அது நெல்லை, தூத்துக்குடிப் பேச்சு, 'ஏல'ன்னு வர்றதை மதுரைக் காது முதல் பத்து நிமிஷம் பிடிக்காது, அதனால் தமிழ் சப்டைட்டில் இருந்தா போடுங்க. படத்துச் சிறுவர்கள் சிவனைந்தானும் சேகரும் ரஜினி, கமல்னு சண்டை போடுற இடத்தில் சிரிப்பு வரும், அதை அடக்கச் சொல்லாதீங்க.