புதுப்பிப்பு: அத்தையின் வடகம் வீடியோ

ரீல்ஸ் எடுக்க கேமரா வாங்கணுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன் அல்லவா, போனே போதும் என்று சொன்னவர்கள் சொன்னதுதான் சரி. ஆறு வீடியோ போட்டாச்சு. முதல் இரண்டையும் போனைப் படுக்கவைத்து எடுத்துத் தொலைத்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் அத்தையின் கை தீக்குச்சி மாதிரி. இப்போது நிமிர்த்தி, 1080க்கு 1920 பிக்சல் அளவில்தான்.

சத்தம்தான் தலைவலி. மொட்டைமாடிக் காற்றில் அத்தை பேசியது ஒன்றுமே கேட்கவில்லை, அதனால் பிழிவதை மட்டும் அங்கே எடுத்துவிட்டு, அப்புறம் பீரோவைத் திறந்து எதிரொலிக்காமல் இருக்கப் புடவைகளுக்கு நடுவே போனை வைத்துக் குரலைப் பதிகிறோம் (அத்தை சிரித்தே நாலு டேக் போகும்).

யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போடலாம், நான் 40 நொடியைத் தாண்டுவதில்லை. அச்சிலிருந்து மாவு விழுவதில் தொடங்கியதைத்தான் கடைசிவரை பார்க்கிறார்கள்; "வணக்கம் நண்பர்களே"வை யாரும் சீண்டவில்லை.