பெருநகரத்துக்குப் போகலாமா? 12 நாளில் பதில் சொல்ல வேண்டும்

எனக்கு 34 வயது, கணக்காளர் வேலை. பெருநகரத்தில் ஒரு நிறுவனம் இப்போதைய சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு தருவதாக அழைத்திருக்கிறது. முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன்.

ஒரு வாரம் அங்கே போய்த் தங்கிப் பார்த்தேன். அலுவலகம் போக 70 நிமிடம், திரும்ப 80. பக்கத்திலேயே வீடு பார்த்தால் வாடகைக்கே சம்பளத்தில் பாதி போய்விடும், முன்பணம் வேறு. தள்ளித் தங்கினாலும், கணக்குப் போட்டால் மாதக் கடைசியில் கையில் நிற்பது இப்போதையதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே கற்றுக்கொள்ளக் கிடைப்பது இங்கே கிடைக்காது, அது உறுதி.

அப்பாவுக்கு 71 வயது. பார்வை மங்கிவிட்டது. மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் நீட்டுவார். கூட வாங்க என்றால், "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்கிறார். அதைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது.

ரயிலில் 5 மணி நேரத் தூரம். வயதான பெற்றோரை ஊரில் விட்டுப் போனவர்கள் சொல்லுங்கள்: முதல் ஆண்டு நான் மட்டும் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் வந்து போவது ஒத்துவருமா?