உள்கூரை ஓவியம்: மேலே சரி, கீழே வந்தால் எல்லாரும் குள்ளம்!

நீலத்தூரிகை (கேள்வி):
சுவரில் நாலைந்து ஓவியங்கள் செய்திருக்கிறேன், உள்கூரைக்கு இதுதான் முதல்முறை. 12க்கு 14 அடி, உயரம் 11 அடி. நடுவில் வானம், ஓரத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கும் ஆட்கள். சாரத்தில் நின்று பார்த்தால் கச்சிதமாக இருக்கிறது. கீழே இறங்கினால் எல்லாரும் அமுங்கிப் போய்த் தெரிகிறார்கள். போதாததற்கு நீலம் முழங்கை வழியாக அக்குள் வரை ஓடுகிறது. மல்லாந்து படுத்து வரைந்தால் சரியாகுமா?

சாரக்காரன்:
படுக்காதீர்கள், சொட்டு நேரே கண்ணில் விழும். வாடிகனில் சிஸ்டைன் தேவாலயக் கூரையை வரைந்த மைக்கேலாஞ்சலோவும் படுத்து வரையவில்லை. தலையை அண்ணாந்து, நின்றபடி வரைகிற தன்னையே ஒரு கவிதையின் ஓரத்தில் கிறுக்கி வைத்திருக்கிறார்.

சாரப்பலகையை ஒரு சாண் இறக்குங்கள். கை உச்சந்தலைக்கு நேர்மேலே போகாமல் முகத்துக்கு முன்னால் நீள வேண்டும். பஞ்சை நடுவில் கீறித் தூரிகைக் காம்பில் மாட்டிவிட்டால் வழிவதை அது குடித்துவிடும். வண்ணத்தில் தண்ணீரைக் குறையுங்கள்.

இனி குள்ளம். நீங்கள் கூரைக்கு நேர்கீழே நின்று வரைகிறீர்கள், பார்ப்பவர் சாய்வாகப் பார்க்கிறார். பார்வை போகும் திசையில் உருவம் சுருங்கத்தான் செய்யும். அறையின் நடுப்பக்கமாக ஓரிடத்தை முடிவு செய்து, புரொஜெக்டரின் லென்ஸை அங்கே உங்கள் கண் உயரத்தில் வைத்து, படத்தை மேலே வீசுங்கள். கூரையில் இழுபட்டு விகாரமாக விழும். அந்தக் கோட்டையே வரையுங்கள், அந்த இடத்திலிருந்து சரியாகத் தெரியும். சாய்வாக விழும் படத்தைப் புரொஜெக்டரே நேராக்கிவிடும் கீஸ்டோன் திருத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள், அது இருந்தால் பாடுபட்டதெல்லாம் வீண்.

ஈரச்சுண்ணாம்பு:
அண்ணன் சொன்ன ஓரிடம் முக்கியம். ரோமில் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தின் கூரையை வரைந்த பொட்சோ, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதற்குத் தரையில் வட்டக்கல்லே பதித்திருக்கிறார். அதைவிட்டு நகர்ந்தால் தூண்கள் சாயத் தொடங்கிவிடும். அதே தேவாலயத்தில் அவருடைய பொய்க் குவிமாடம் துணியில் வரைந்து மேலே ஏற்றியது. கழுத்து தாங்காதவர்களுக்கு அந்த வழியும் உண்டு.

சாரக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. என் முதல் கூரையில் ஒரு பெண்ணின் விரல் நகங்களுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தேன். கீழே வந்து பார்த்தால் நகம் இருக்கட்டும், விரலே தெரியவில்லை! சிஸ்டைன் கூரையிலும் வெள்ளக் காட்சியில் ஆட்கள் பொடிப்பொடியாக இருக்கிறார்கள், பிறகு வரைந்தவற்றில் பெரிதாகிவிட்டார்கள். மணிக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள், கால் வலித்தாலும் பரவாயில்லை. அப்புறம், பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதிப் படம் தெரியாது.

நீலத்தூரிகை:
புரொஜெக்டர் வைத்துப் பார்த்தேன். ஒருத்தருக்கு முன்கை ஒன்றரை மடங்கு நீளமாக விழுந்தது, சாரத்தில் நின்று பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. கீழே வந்தால் சாதாரணக் கை! மூன்று பேரை வெள்ளையடித்து மறைத்துவிட்டேன். நாலாமவருடைய மூக்கு நன்றாக வந்திருந்தது, அவரை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.