மூக்கு நுனிக்கு நெற்றித் தோல்: ஒரே தடவையில் முடியாதா?

மலர்விழி:
அம்மாவுக்கு 64 வயது. மூக்கு நுனியில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய். போன வாரம் எடுத்துவிட்டார்கள். ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. பள்ளம் 2 செ.மீ. இருக்கும், அடியில் குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கில் வைத்துத் தைத்து, மூன்று வாரம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் பிரிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒரேயடியாக ஒட்டக் கூடாதா? அம்மா பயத்தில் சரியாகத் தூங்குவதில்லை.

செந்தில்:
எனக்கு இதே ஆபரேஷன் ஆகி நான்கு வருடம். நானும் காதுத் தோலைத்தான் கேட்டேன். தனியே வெட்டி ஒட்டும் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சிப் பிழைக்கும். அப்புறம் கீழிருந்து ரத்தக் குழாய்கள் ஏறி வந்தாக வேண்டும். மேலுறை போன குருத்தெலும்பிலிருந்து எது ஏறி வரும்? நெற்றித் தோல் அப்படியில்லை. புருவத்தின் உள்முனையில் ஏறும் ரத்தக் குழாயைக் காம்பாக வைத்துக்கொண்டே இறங்கி வருகிறது. மூக்கு தானே ரத்தம் கொடுக்கத் தொடங்கும்வரை அந்தக் காம்பை வெட்ட மாட்டார்கள். மூன்று வாரக் கணக்கு அதற்குத்தான்.

அம்மாவிடம் எதையும் மறைக்காதீர்கள். புருவத்திலிருந்து மூக்குக்கு விரல் தடிமனில் சதை தொங்கும். முதல் இரண்டு நாள் அதன் தோலில்லாத பச்சைப்புண் பக்கம் கசிந்து கண்ணோரமாக இறங்கும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அன்று ராத்திரி தலையணையில் ரத்தத்தைப் பார்த்து நடுங்கிப்போனேன். இன்னொன்று: மூக்கு நுனியைத் துணியால் ஒற்றினால் நெற்றியைத் தொடுவது போலவே இருக்கும், நரம்பும் கூடவே வருவதால். நெற்றியின் மேல்பக்கம் தைத்து மூட முடியாமல் நகம் அளவு இடத்தைத் திறந்தே விட்டார்கள். களிம்பிலேயே ஆறியது. இன்று தையல் கோட்டைவிட அந்த இடம்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:
செந்தில் சொல்வது சரி. பள்ளம் ஆழமில்லாமல், அடியில் நல்ல சதை இருந்தால் காதுத் தோல் அருமையாகப் பிடிக்கும். மேலே பஞ்சுப் பொதி வைத்துக் கட்டி அசையாமல் ஐந்தாறு நாள் விடுவோம். உங்கள் அம்மாவின் பள்ளம் அப்படிப்பட்டதல்ல. நெற்றித் தோல் இன்று நேற்று வந்த வழியும் இல்லை. 1794இல் இந்த முறையைப் பற்றி லண்டன் பத்திரிகையில் இந்தியாவிலிருந்து போன செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1814இல் அங்கே செய்தார்.

புகை, பொடி, புகையிலை எதுவானாலும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கினால் முதலில் கறுப்பது தோலின் நுனிதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தைத்த தோல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

மலர்விழி:
இருவருக்கும் நன்றி. செந்தில் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: கண்ணாடி போடலாமா?

செந்தில்:
காம்பு இருக்கும்வரை அதை அழுத்தும் எதுவும் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். மூன்று வாரமும் கண்ணாடி போடவில்லை. வாசிப்பதெல்லாம் என் மகள்தான் வாசித்துக் காட்டினாள். அம்மாவுக்கு நீங்கள் இருக்கிறீர்களே.