புதுப்பிப்பு: மாஸ்டா மியாட்டா காருக்கு (1.6 லிட்டர் எஞ்சின்) பிரேக் பேட் முடிவாச்சு

ரேஸ் பேடா, ரோடு பேடா என்று முன்னாடி கேட்டிருந்தேன். ரோடு பேடுதான். ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்தால் அது சூடே ஆகாது. பேட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கைத் தின்னும், கத்தும், அவ்வளவுதான்.

வாங்கும் முன் முன்பக்க டிஸ்க்கின் விட்டத்தை அளந்துவிடுங்கள். 1.6-க்கு 235 மி.மீ., 1.8-க்கு 255. ஒன்றின் பேட் மற்றதுக்குப் பொருந்தாது. பழைய வண்டி, யாராவது பெரிய பிரேக் மாட்டியிருக்கலாம். ஆர்சி புக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

பலர் சொதப்புவது பின் சக்கரக் காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்). புது பேடுக்கு இடம் விட அதன் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே போகாது, ஹேண்ட்பிரேக் மெக்கானிசம்தான் கெடும். பின்னால் 14 எம்எம் மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் ஸ்க்ரூ. இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். பேட் மாட்டியபின் வலப்பக்கம் பிடிக்கும்வரை திருப்பி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிவிடும். ஒரு பேட் மட்டும் தேய்ந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

பெட்-இன் (புது பேடை டிஸ்க்கோடு பழக்குவது): 60-லிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு எட்டுப் பத்து தடவை, முழுசாக நிறுத்தாமல். நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் டிஸ்க்கில் பேட் அச்சு விழும், பிறகு ஸ்டீயரிங் ஆடும். ஞாயிறு விடியலில் மணலி 200 அடி ரோடு தோதுப்படும், லாரி வரிசை இல்லாவிட்டால்.