‘காந்தத் தடுப்பு’ வேண்டாம்: மாற்றுச் சொல் ஒன்று

அண்ணை, வணக்கம்.

வானியலில் magnetic braking என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘காந்தத் தடுப்பு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. தடுப்பு என்றதும் அவர்கள் லான்ட்மாஸ்டரை (இருசில்லு உழவு இயந்திரம்) நினைக்கிறார்கள்: பிறேக் பிடித்தால் வேகம் குறையும். இங்கே நடப்பது நேர்மாறு. (2009க்குப் பிறகு வன்னியில் ‘தடுப்பில் இருந்தவர்’ என்றால் தடுப்புக்காவலில் இருந்தவர் என்று உங்களுக்கும் தெரியும். அதை விடுவோம்.)

வெண்குள்ளனுக்கு (எரிந்து முடிந்த உடுவின், அதாவது விண்மீனின், அடர்ந்த எச்சம்) பக்கத்தில் சுற்றும் செங்குள்ளனை (சிறிய, மங்கலான சிவப்பு உடு) எடுங்கள். அதிலிருந்து வீசும் உடுக்காற்றைக் காந்தப்புலம் வெகுதூரம் வரை தன்னோடு சுழற்றிய பிறகுதான் விடுகிறது. போகிற திணிவு கொஞ்சம், அது கொண்டுபோகும் கோண உந்தம் (சுழற்சிக்குரிய உந்தம்) அதிகம். சென்னை நண்பர்கள் திணிவை ‘நிறை’ என்று வாசிக்கட்டும். எங்களுக்கு நிறை தராசில் காட்டுவது. செங்குள்ளனின் தற்சுழற்சி மெதுவாகியிருக்க வேண்டும். ஆனால் வற்றுப்பெருக்கு விசை (tidal force) அதைச் சுற்றுகையோடு பூட்டி வைத்திருப்பதால் இழப்பு ஒழுக்கின் (சுற்றுப்பாதையின்) கணக்கில் கழிகிறது. ஒழுக்கு சுருங்க, இரண்டும் முன்னையிலும் விரைவாகச் சுற்றுகின்றன. “தடுத்தால் வேகம் கூடுமா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயம்தானே?

ஆகவே ‘காந்தவழி உந்த இழப்பு’. நீளம்தான். ஆனால் அதன் சோடியும் உடனே கிடைக்கிறது: ‘ஈர்ப்பலைவழி உந்த இழப்பு’. 1974இல் ஹல்சும் டெய்லரும் கண்ட துடிப்பு உடுச் (pulsar) சோடியில் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 76 மைக்ரோசெக்கன் அளவு குறைவது இந்த இரண்டாவதால்தான்.

செங்குள்ளனிலிருந்து திணிவு கைமாறும் வெண்குள்ளன் சோடிகளில் இந்த இரண்டு இழப்பும் முறைவைத்து வேலை செய்கின்றன. சுற்றுக்காலம் 3 மணித்தியாலத்துக்கு மேல் என்றால் காந்தவழி முந்தும். சுற்றுக்காலம் அந்த அளவுக்குக் குறையும்போது செங்குள்ளன் உள்ளும் புறமும் மேற்காவுகைக்கு (கொதிநீர்போல் பொருளே புரண்டு வெப்பத்தைக் கடத்துவது) வர, காந்தவழி இழப்பு தளர்கிறது என்பதே வழமையான விளக்கம். வீங்கியிருந்த உடு சுருங்கி ரோஷ் மடலுக்குள் (உடு தன் ஈர்ப்பால் பொருளைப் பிடித்துவைக்கக்கூடிய எல்லை) அடங்கும்; திணிவு கைமாறுவது நிற்கும். அப்புறம் ஈர்ப்பலை மெல்ல மெல்ல இறுக்கி, 2 மணித்தியாலமளவில் மறுபடி தொடங்க வைக்கும். இடையில் இவ்வகைச் சோடிகள் அரிதாகவே தென்படுகின்றன. அந்த வெற்றிடத்துக்குத் (period gap) தம்பி சொன்ன ‘காலவெளி’ ஏற்கெனவே spacetime என்ற பொருளில் ஐன்ஸ்டைனிடம் போய்விட்டது. ‘சுற்றுக்கால இடைவெளி’ போதும்.

80 நிமிடமளவில் ஒழுக்கு மறுபடி விரியத் தொடங்குமே, அந்த எல்லைக்கு எங்கள் பாடநூல் வழக்கில் ‘இழிவுச் சுற்றுக்காலம்’. தமிழ்நாட்டில் அது வசையாகக் கேட்குமென்றால் ‘சிறுமச் சுற்றுக்காலம்’ என்று போடலாம், எனக்கு மறுப்பில்லை.